மியூனிக்குக்கு முந்தைய பாபி சார்ல்டன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் சர் பாபி சார்ல்டனை நினைவுகூர்ந்து தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இருமுறை படித்தேன். உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்ற 1966, ஐரோப்பியக் கோப்பையை மான்செஸ்டர் யுனைடெட் வென்ற 1968, அந்தக் கழகத்துக்காக அவர் ஆடிய 758 ஆட்டங்கள், அடித்த 249 கோல்கள் என எல்லாம் சரியாகவே தரப்பட்டிருந்தன. 2023 அக்டோபர் 21 அன்று தமது 86-ஆம் வயதில் மறைந்த அந்த மாபெரும் வீரருக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. இருந்தாலும், படித்து முடித்தபோது மனத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. கட்டுரை அவருடைய கதையை 1958 பிப்ரவரி 6 அன்று யுனைடெட் அணியினர் சென்ற விமானம் நொறுங்கிய மியூனிக் விமான நிலையத்தின் பனிச்சேற்றிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் அவர் அந்தக் கழகத்தில் கழித்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், 'சிறு வயதிலேயே அணியில் சேர்ந்த அவர்' என்ற அரை வரியில் அடங்கிவிடுகின்றன. அந்த அரை வரியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பள்ளிச் சிறுவர்களுக்கு மாலை வேளைகளில் கால்பந்து கற்றுத் தருபவன். பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள், 'என் பையனை ஏன் இன்னும் முதல் பதினொருவரில் இறக்கவில்லை' என்று கேட்டு மைதானத்துக்கே வந்துவிடும் பெற்றோர்களை நான் அறிவேன். அவர்களிடம் கோபம் கொள்ள என்னால் இயலாது. தம் பிள்ளை வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வலி உண்மையானது. அத்தகைய வேளைகளில் நான் அவர்களுக்குச் சொல்வது சார்ல்டனின் தொடக்க ஆண்டுகளைத்தான். உலகமே கொண்டாடிய ஒருவர் எத்தனை நாள் வெளியே நின்றார், உள்ளே வந்த பிறகும் எத்தனை முறை வெளியே அனுப்பப்பட்டார் என்பதைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1937 அக்டோபர் 11 அன்று அவர் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. கால்பந்து வந்தது தாய் சிஸ்ஸியின் வழியில். சிஸ்ஸியின் உடன்பிறந்த சகோதரர்கள் நால்வர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசில் யுனைடெட் அணியின் புகழ்பெற்ற முன்கள வீரர் ஜாக்கி மில்பர்னும் அந்தக் குடும்பத்தவரே. சிறுவன் பாபி தேர்வெழுதி இடம் பெற்ற உயர்நிலைப் பள்ளியில் ரக்பி ஆட்டம் மட்டுமே இருந்தது என்பதால், கால்பந்து ஆடும் பெட்லிங்டன் பள்ளிக்கு அவனை மாற்றினார்கள். பையன் கால்பந்தில் தேறுவான் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஐயமெல்லாம் அந்தத் தேர்ச்சி வாழ்நாள் முழுவதும் சோறு போடுமா என்பதில்தான்.

1953 பிப்ரவரி 9 அன்று பள்ளிகளுக்கிடையேயான ஓர் ஆட்டத்தில் பாபி ஆடுவதை மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகத் திறமை தேடி அலைந்துகொண்டிருந்த ஜோ ஆம்ஸ்ட்ராங் பார்த்தார். பின்னர் வேறு பல கழகங்களின் ஆட்களும் அந்தச் சிறிய வீட்டின் கதவைத் தட்டினார்கள். ஆனால் யுனைடெட்டின் மேலாளர் மேட் பஸ்பி இளம் பிள்ளைகளை நம்பி இடம் கொடுக்கிறார் என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. அதே ஆண்டு கோடையில், பதினைந்து வயதில், பாபி மான்செஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தார்.

போன உடனே அவர் முழுநேர ஆட்டக்காரராகிவிடவில்லை என்பதைத்தான் நம் இளைஞர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்க்கு இருந்த அச்சம் நியாயமானது. இங்கிலாந்தில் கால்பந்து வீரர்களின் ஊதியத்துக்கு அப்போது உச்சவரம்பு இருந்தது. 1961-இல் அது நீக்கப்படும் தறுவாயில்கூட வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் எந்தக் கழகமும், எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், கொடுக்க முடியாது என்பதே விதி. ஒரு முழங்கால் போனால் அதுவும் போய்விடும். எனவே கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று மின்பொறியியல் தொழிற்பயிற்சியில் பாபி சேர்க்கப்பட்டார். பகலில் தொழிற்சாலை, வேலை முடிந்த மாலைகளில் பந்து என்று அந்தக் காலம் கழிந்தது. 1954 அக்டோபரில், பதினேழு வயது நிறைந்த பிறகுதான், கழகத்துடன் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

அந்த நாள்களில் கழகம் தன் இளம் வீரர்களை உள்ளூர்க் குடும்பப் பெண்மணிகள் நடத்திய விடுதிகளில் தங்கவைப்பது வழக்கம். ஓல்டு டிராஃபோர்டு கிரிக்கெட் மைதானத்துக்கு அருகிலிருந்த அப்படியொரு வீட்டில் பாபிக்கு இடம் கிடைத்தது. டங்கன் எட்வர்ட்ஸ், டேவிட் பெக், மார்க் ஜோன்ஸ், டாமி டெய்லர், பில்லி வீலன் போன்றோர் வெவ்வேறு சமயங்களில் அந்த வீட்டில் தங்கியவர்கள். இந்தப் பெயர்களை ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். தங்கள் கட்டுரையின் பெட்டிச் செய்தியில் மியூனிக் விபத்தில் இறந்தவர்களின் பட்டியலாக அச்சாகியிருந்த அதே பெயர்கள்தாம் இவை. பாபிக்கு அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள், ஒரே மேசையில் உண்டவர்கள். அதோடு, அணியில் அவர் ஏங்கிய இடங்களில் அமர்ந்திருந்தவர்களும் அவர்களேதாம். தோழமையும் போட்டியும் ஒரே வீட்டில் இருந்தன என்பதை அறியாமல் பிற்காலத்துச் சார்ல்டனின் முகத்திலிருந்த அந்த மௌனத்தை யாரும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

கட்டுரையில் எங்குமே இடம்பெறாத இன்னொரு பெயர் ஜிம்மி மர்ஃபி. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த இவர் பஸ்பியின் வலக்கரம். கழகத்தின் இளைஞர்களைச் செதுக்கும் பொறுப்பு இவருடையது. சால்ஃபோர்டில் 'தி கிளிஃப்' என்று அழைக்கப்பட்ட பயிற்சி மைதானமே இவருடைய பட்டறை. பாபி அங்கு வந்தபோது இரு கால்களாலும் பந்தை வெகு தொலைவுக்கு அனுப்பும் ஆற்றல் அவரிடம் இயல்பாகவே இருந்தது. பள்ளி ஆட்டங்களில் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பந்தைப் பறக்கவிட்டு, கூட்டத்தின் கைதட்டலைப் பெற்றுப் பழகியவர் அவர். மர்ஃபி முதலில் கைவைத்தது அந்த அழகில்தான். பத்து அடியில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடு, கொடுத்துவிட்டு நிற்காதே, ஓடு, திரும்ப வாங்கு என்று எளிய பாஸையே மீண்டும் மீண்டும் பழக்கினார். கைதட்டல் பெற்றுத் தந்த ஒன்றை விட்டுவிடச் சொல்வது ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதைப் பயிற்சி கொடுப்பவர்கள் அறிவார்கள். என்னிடம் வரும் சிறுவர்களிலேயே, பந்து காலுக்கு வந்ததும் தலையைக் குனிந்து ஓங்கி உதைப்பவனுக்குத்தான் மற்ற பிள்ளைகளின் பாராட்டு கிடைக்கிறது. பக்கத்திலிருப்பவனுக்கு நேரத்தில் தள்ளிவிடுபவனை யாரும் கவனிப்பதில்லை. மர்ஃபி கடுமையானவர், இடைவிடாமல் திருத்தினார், கத்தினார், ஆனால் கைவிடவில்லை. தம்மை ஆட்டக்காரராக ஆக்கியவர்களில் முதன்மையானவர் மர்ஃபியே என்று சார்ல்டன் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். பின்னாளில் நடுக்களத்திலிருந்து அவர் அனுப்பிய நீண்ட பாஸ்கள் உலகப் புகழ் பெற்றன. அவை அந்தப் பள்ளிக் காலத்துப் பழக்கம் அப்படியே தொடர்ந்ததல்ல. எப்போது அனுப்பக் கூடாது என்பதைக் கற்றுத் தேர்ந்த ஒருவர், அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் அனுப்பியவை.

இளைஞர் கோப்பையையும் மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) 1952-53 பருவத்தில் தொடங்கிய இளைஞர் கோப்பையை முதல் ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது மான்செஸ்டர் யுனைடெட்தான். அவற்றுள் 1954, 1955, 1956 ஆகிய மூன்று வெற்றிகளில் பாபிக்குப் பங்குண்டு. 1956 இறுதியாட்டத்தில் எதிரணியான செஸ்டர்ஃபீல்டின் கோல் காவலராக நின்ற இளைஞரின் பெயர் கார்டன் பேங்க்ஸ். பத்தாண்டுகள் கழித்து இருவரும் ஒரே சீருடையில் உலகக் கோப்பையைக் கையிலேந்தினார்கள்.

மூன்று இளைஞர் கோப்பைகள் கையிலிருந்தும் முதல் அணியின் கதவு திறக்கவில்லை. இங்கே அக்காலத்து விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் மாற்று வீரரை இறக்க 1965 வரை அனுமதியே இல்லை. இன்றைக்கு ஓர் இளைஞரைக் கடைசிப் பத்து நிமிடங்களுக்கு இறக்கிப் பார்க்கலாம். பெஞ்சில் உட்காரவைத்துப் பெரிய ஆட்டத்தின் காற்றைப் பழக்கலாம். அன்று பதினொருவர் என்றால் பதினொருவர்தாம். பன்னிரண்டாவது ஆள் அதே சனிக்கிழமை வேறு எங்கோ, சில நூறு பேர் முன்னிலையில், ரிசர்வ் அணிக்காக ஆடிக்கொண்டிருப்பார். பாபியின் முன்னே நின்றவர்களோ சாதாரணமானவர்கள் அல்லர். அவரைவிட ஒரே ஒரு வயது மூத்த டங்கன் எட்வர்ட்ஸ் 16 வயதில் கழகத்தின் முதல் அணியிலும், 18 வயதில் இங்கிலாந்து அணியிலும் ஆடிவிட்டவர். டாமி டெய்லர் நாட்டின் தலைசிறந்த நடு முன்கள வீரர்களில் ஒருவர். 1955-56 பருவத்தில் அந்த அணி லீக் பட்டத்தை வென்றது. வென்றுகொண்டிருக்கும் அணியை எந்த மேலாளர்தான் கலைப்பார்?

இதற்கிடையில் கட்டாய ராணுவப் பணியும் வந்து சேர்ந்தது. வார இறுதிகளில் வந்து ஆட வசதியாக, எட்வர்ட்ஸ் ஏற்கெனவே பணியாற்றிவந்த ஷ்ரூஸ்பரி அருகிலுள்ள முகாமையே கேட்டு வாங்கும்படி பஸ்பி அறிவுறுத்தினார். முகாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளன்று நடந்ததைச் சார்ல்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எட்வர்ட்ஸ் அவருக்காகக் காத்திருந்து, தங்கும் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். பாபிக்கு ஒதுக்கப்பட்ட மெத்தையில் ஒரு சுருள்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், 'இதில் படுக்க முடியாது' என்று அந்த மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், நல்ல மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அப்போது எட்வர்ட்ஸ் இங்கிலாந்து அணியின் வீரர். பாபி முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். எட்வர்ட்ஸின் பெருமையைச் சொல்ல எத்தனையோ ஆட்டங்கள் இருக்கலாம். என் மனத்தில் நிற்பது தோளில் மெத்தையோடு நடந்துபோகும் அந்த இளைஞர்தான்.

கதவு திறந்த நாள் 1956 அக்டோபர் 6. அவருக்குப் பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஐந்து நாள்கள் இருந்தன. மூன்று வாரங்களுக்கு முன் ரிசர்வ் ஆட்டமொன்றில் அவருடைய கணுக்கால் பிசகியிருந்தது; வீக்கம் இன்னும் முழுமையாக வற்றவில்லை. அந்த நிலையில் பஸ்பி அழைத்துக் கால் எப்படியிருக்கிறது என்று கேட்டார். டாமி டெய்லர் அன்று இல்லாததால் ஓர் இடம் காலியாக இருந்தது. கால் சரியாகிவிட்டது என்று பாபி சொல்லிவிட்டார். உண்மையில் அது சரியாகவில்லை. மூன்று ஆண்டுகள் காத்திருந்த ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு என்ன விடை வரும்? காயத்தை மறைத்து ஆடுவதை நான் என் மாணவர்களுக்கு ஒருபோதும் அனுமதிப்பதில்லை. அதில் எனக்குச் சற்றும் தயக்கமில்லை. ஆனாலும் அந்த அறையில், அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற பையனை நினைக்கும்போது, அவரைக் குறைசொல்ல மனம் வருவதில்லை.

எதிரணியின் பெயரே சார்ல்டன் அத்லெட்டிக் என்பது ஓர் அழகான தற்செயல். யுனைடெட் 4-2 என்ற கணக்கில் வென்றது. அதில் இரண்டு கோல்கள் பாபியுடையவை. வலிக்கும் கணுக்காலோடு ஆடிய அறிமுக ஆட்டத்தில் இரண்டு கோல்கள்! இன்றைக்கு இப்படி நடந்திருந்தால் மறுநாளே அந்தப் பையனின் படம் எல்லாப் பக்கங்களிலும் வந்திருக்கும். அன்று நடந்தது வேறு. டெய்லர் திரும்பி வந்தார். பாபி அணியிலிருந்து விலக்கப்பட்டார். அதில் அநீதி எதையும் அவர் காணவில்லை. டெய்லர் தம்மைவிடச் சிறந்தவர் என்பதில் அவருக்கே ஐயமில்லாதிருந்தது.

அந்தப் பருவம் முழுவதும் அப்படியே போயிற்று. யாருக்காவது காயம் என்றால் வருவார், ஆடுவார், கோல் அடிப்பார், காயமுற்றவர் குணமானதும் ரிசர்வ் அணிக்குத் திரும்புவார். 14 லீக் ஆட்டங்களில் 10 கோல்கள் என்பது அந்தப் பருவத்தின் கணக்கு. 1957 பிப்ரவரியில் லண்டனில் அதே சார்ல்டன் அத்லெட்டிக் அணிக்கெதிராக மூன்று கோல்கள் அடித்தார். மார்ச் மாதம் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் பர்மிங்ஹாம் சிட்டியை 2-0 என வீழ்த்தியபோது ஒரு கோல் அவருடையது. ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்காக அணி மாட்ரிட் சென்றபோது முதல் ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. பார்வையாளர் பகுதியின் உயரத்திலிருந்து, ரியால் மாட்ரிட்டின் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ மைதானம் முழுவதையும் தன் விருப்பப்படி இயக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கள வீரர் என்று பெயர். ஆனால் தற்காப்பில் நின்று பந்தை வாங்குகிறார், நடுக்களத்தில் பகிர்கிறார், பிறகு கோல் முன்னாலும் அவரே நிற்கிறார்! 1960-களில் நடுக்களத்தின் ஆழத்திலிருந்து ஆட்டத்தை நடத்திய சார்ல்டனை நாம் அறிவோம். அந்த விதை அன்று மாட்ரிட்டின் உயரப் படிக்கட்டில் விழுந்திருக்கலாம் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குக் கண் திறந்திருந்தால் அந்த நேரமும் பயிற்சிதான் என்று என் மாணவர்களிடம் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை. யுனைடெட்டின் சொந்தக் கால்பந்து மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் நடந்த மறு ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 2-2 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். இரு ஆட்டங்களையும் சேர்த்து மாட்ரிட்டே முன்னேறியது.

அந்தப் பருவத்தில் யுனைடெட் மீண்டும் லீக் பட்டத்தை வென்றது. எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் மட்டும் கைநழுவியது. காயமுற்ற டென்னிஸ் வயலட்டுக்குப் பதிலாக வெம்பிளி மைதானத்தில் பாபி இறங்கிய அந்த ஆட்டத்தில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆஸ்டன் வில்லாவின் மெக்பார்லாண்ட் மோதியதில் கோல் காவலர் ரே உட்டின் கன்ன எலும்பு முறிந்தது. மாற்று வீரர் இல்லாத விதி அன்று அணியையே விழுங்கியது. தற்காப்பு வீரரான ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் கோல் காவலராக நிற்க, மீதமிருந்தவர்கள் போராடி 1-2 எனத் தோற்றார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்தி. 1957 டிசம்பரில் பஸ்பி அணியை மாற்றியமைத்தார். ஜானி பெர்ரியும் பெக்கும் வெளியேற, மார்கன்ஸும் ஸ்கான்லனும் இரு ஓரங்களிலும் ஆடத் தொடங்கினர். அவர்களோடு வெளியே உட்காரவைக்கப்பட்ட மூன்றாமவர் பில்லி வீலன். டப்ளினிலிருந்து வந்த அந்த அமைதியான இளைஞர் முந்தைய பருவத்தின் லீக் ஆட்டங்களில் மட்டும் 26 கோல்கள் அடித்தவர். அவருடைய இடம்தான் பாபிக்குக் கிடைத்தது. மற்றவர் காயத்தால் கிடைக்கும் இரவல் இடமாக இல்லாமல், தமக்கே உரிய இடமாக முதன்முறையாகக் கிடைத்த இடம் அது. ஜனவரி 18-இல் போல்டனை 7-2 என வென்றபோது மூன்று கோல்கள். பிப்ரவரி 1-இல் லண்டனில் ஆர்செனலை 5-4 என வென்ற ஆட்டத்தில் ஒரு கோல். பிப்ரவரி 5-இல் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியுடன் 3-3 என்று முடிந்த ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் இரண்டு கோல்கள் என்று அவருடைய கால்கள் பேசத் தொடங்கின.

அந்தப் பெல்கிரேடு பயணத்தில் வீலனும் இருந்தார். ஆடுவதற்காக அல்ல, அணியோடு ரிசர்வ் வீரராக அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். பெக்கும் பெர்ரியும் அப்படியே. மறுநாள் மியூனிக்கில் எரிபொருள் நிரப்ப இறங்கிய விமானம், பனிச்சேறு படர்ந்த ஓடுபாதையில் மூன்றாவது முறையாக மேலெழ முயன்றபோது நொறுங்கியது. மாண்டவர்கள் 23 பேர். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். வீலன் இறந்தார், பெக் இறந்தார், டெய்லர் இறந்தார், மார்க் ஜோன்ஸ் இறந்தார். இரு வாரங்கள் போராடி, பிப்ரவரி 21 அன்று எட்வர்ட்ஸும் போனார். பெர்ரி உயிர் பிழைத்தார். மீண்டும் ஆட முடியவில்லை. தலையில் காயத்தோடு பாபி பிழைத்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

தங்கள் கட்டுரை இந்தப் பெயர்களை ஒரு பட்டியலாகத் தந்தது. பட்டியலில் பிழையில்லை. ஆனால் வீலனின் இடத்தில்தான் பாபி ஆடிக்கொண்டிருந்தார் என்பது தெரியாமல் அந்தப் பெயரைப் படிப்பவருக்கு அது வெறும் பெயர். தெரிந்து படிப்பவருக்கு, சார்ல்டன் அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் அந்தச் சீருடையில் ஏன் அப்படி ஆடினார், ஒவ்வொரு முறை மியூனிக் பற்றிக் கேட்கப்பட்டபோதும் ஏன் குரல் தணிந்தார் என்பது சொல்லாமலே விளங்கும். தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி தம்மை விட்டு அகலவே இல்லை என்பதை அவர் மறைத்ததில்லை.

கட்டுரையில் இன்னொரு வாக்கியமும் உறுத்தியது. 'மியூனிக்கின் சாம்பலிலிருந்து சார்ல்டன் என்ற நட்சத்திரம் பிறந்தது' என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது உண்மையல்ல என்பதோடு, இறந்தவர்களுக்கும் நியாயம் செய்வதல்ல. விபத்துக்கு முன்பே அவர் இடம் பிடித்துவிட்டார். பிடித்துத் தந்தவை மர்ஃபியின் மாலைகளும், ரிசர்வ் ஆட்டங்களும், அந்த விடுதி வீட்டின் தோழர்களோடு போட்ட போட்டியும். அந்த நண்பர்கள் உயிரோடு இருந்திருந்தால் சார்ல்டன் மங்கியிருப்பார் என்ற பொருளைத் தரும் எந்த வாக்கியத்தையும் அவரே ஏற்றிருக்க மாட்டார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பாபி ஆஷிங்டனுக்குப் போனார். தாயின் வீட்டருகே, தெருவில் சிறுவர்களோடு அவர் பந்து தட்டிக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. மான்செஸ்டரில், வேல்ஸ் அணியின் ஆட்டத்துக்காகத் தங்கிவிட்டதால் அந்த விமானத்தில் ஏறாமலிருந்த மர்ஃபி, ரிசர்வ் வீரர்களையும் இளைஞர்களையும் அவசரமாக வாங்கிய சிலரையும் கொண்டு ஓர் அணியைத் திரட்டிக்கொண்டிருந்தார். விபத்து நடந்து நான்கு வாரங்கள்கூட ஆகாத நிலையில், மார்ச் 1 அன்று வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் பாபி மீண்டும் களமிறங்கினார். 2-2. நான்கு நாள்கள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம். கோல் ஏதுமின்றி முடியப்போன நேரத்தில் வலப்பக்க ஓரமாகப் பாபி ஓடி, தாமே உதைக்காமல், கோல் முன்னே வந்த காலின் வெப்ஸ்டருக்குப் பந்தைத் தள்ளினார். 1-0. மர்ஃபி கற்றுத் தந்த அதே எளிய பாஸ்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 6 வரும்போதெல்லாம் நம் நாளிதழ்கள் மியூனிக்கைப் பற்றி எழுதுகின்றன. நொறுங்கிய விமானத்தின் அதே படத்தை வெளியிடுகின்றன. அடுத்த முறை அந்தப் படத்துக்குப் பதிலாக, 1950-களின் நடுவில் எடுக்கப்பட்ட அந்த இளைஞர் அணியின் படம் ஏதேனும் ஒன்றை வெளியிட்டு, அதில் நிற்பவர்கள் யார் யார், எந்த வீட்டில் தங்கினார்கள், யார் இடத்தில் யார் ஆடினார்கள் என்பதை எழுதச் செய்யுங்கள். ஜிம்மி மர்ஃபிக்கு ஒரு பத்தி கொடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து, நான் பயிற்சி தரும் மைதானத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கக் காத்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள வாசகர்,
பள்ளிச் சிறுவர்களின் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்